திரும்பிப் போக வழி இருக்கா? மெட்ராஸுக்குக் குடிவந்த நெசவாளர்கள் போட்ட கணக்கு

இந்த ஷோவைக் கேட்கிறவர்களில் நிறைய பேர் சொந்த ஊரை விட்டு வேற ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேரில் சிலராவது, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இருப்பீர்கள்.

இந்த மாதிரி முடிவு எடுக்கும்போது நாம என்ன பண்றோம்? ஒரு பேப்பரை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுவோம். இந்தப் பக்கம் சம்பளம், பெரிய கம்பெனி பேரு, வீட்டை விட்டு வெளியே வர்ற சுதந்திரம். அந்தப் பக்கம் வாடகை, அட்வான்ஸ், டிராஃபிக், தெரியாத பாஷை, அம்மாவோட முழங்கால் வலி. ரெண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, கடைசியில் மனசு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் போவோம்.

இன்னைக்கு நான் சொல்லப்போவது, முந்நூற்று எண்பது வருஷத்துக்கு முன்னாடி இதே கணக்கைப் போட்டவர்களைப் பற்றி. அவர்கள் போகலாமா என்று யோசித்த புது ஊர், நம்ம சென்னை. நாம சென்னையை ஏற்கெனவே இருக்கிற ஊராகத்தான் பார்க்கிறோம். ஆனால் இதற்கு ஒரு முதல் நாள் இருந்தது. ஊர் தொடங்குகிறோம், வாங்க என்று ஒரு கம்பெனி கூப்பிட்டது. கூப்பிட்டது நெசவாளர்களை.

மணல்மேட்டில் ஒரு ஆஃபர்

1639. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சோழமண்டலக் கடற்கரையில் துணி வேண்டும். அவர்களுக்கு மசூலிப்பட்டினத்தில் ஒரு கிடங்கு இருந்தது. அதற்குத் தெற்கே ஆர்மகான் என்ற இடத்திலும் ஒன்று இருந்தது. ரெண்டு இடத்திலும் தொல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கும் தெற்கே வந்து இடம் தேடியவர் பிரான்சிஸ் டே. அந்தப் பகுதியை ஆண்ட தமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் பேசி, மதராசப்பட்டினம் என்ற சின்ன ஊரை ஒட்டிய கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை வாங்கினார். ஆகஸ்ட் 22-ஐ நாம மெட்ராஸ் டே என்று கொண்டாடுவது இதை வைத்துத்தான்.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? துறைமுகமே கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நிற்கும். மசூலா படகுகளில் சரக்கை ஏற்றி, அலையில் அடிபட்டு, நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கப்பல் வியாபாரம் செய்கிற கம்பெனி எதற்கு இப்படி ஒரு இடத்தைப் பிடித்தது? டே கொடுத்த காரணம் துணி. இங்கே நீளத்துணி நன்றாக இருக்கிறது, மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதினார். சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் பக்கத்தில் இடம் பிடித்தார் என்று ஒரு வதந்தியும் உண்டு. அதை வதந்தியாகவே விட்டுவிடலாம்.

1640 பிப்ரவரியில் டே, அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகன், கொஞ்சம் சிப்பாய்கள், வேலைக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கினார்கள். சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். ஆனால் வெறும் கோட்டையை வைத்துக்கொண்டு துணி வியாபாரம் பண்ண முடியாது. தறி ஓட்டுகிற ஆள் வேண்டும். அதற்காக ஒரு அறிவிப்பு செய்தார்கள்: இங்கே வந்து குடியேறுகிறவர்கள் சாப்பிடுவது, குடிப்பது, உடுத்துவது எதற்கும் 30 வருஷத்துக்குச் சுங்கம் கிடையாது.

இன்றைய பாஷையில் சொன்னால் ரிலொக்கேஷன் பேக்கேஜ்.

தறியைத் தூக்கிக்கொண்டு

இப்போது அந்த நெசவாளர் வீட்டுப் பக்கம் போவோம். காஞ்சிபுரம் பக்கமோ, வடக்கே தெலுங்கு பேசும் ஊர்களோ, ஏதோ ஒரு நெசவு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறியைத் தூக்கிக்கொண்டு போவது அவ்வளவு கஷ்டமில்லை. குழித்தறி என்பது சில மரச்சட்டங்கள், அச்சு, நாடா, கயிறு. பிரித்துக் கட்டி எடுத்துப் போகலாம். போன இடத்தில் ஒரு குழி தோண்டினால் தறி நின்றுவிடும்.

ஆனால் நெசவு என்பது தறி மட்டும் இல்லை. பாவு விரிக்க நீளமான, நிழலான தெரு வேண்டும். கஞ்சி போட அரிசி வேண்டும், சாப்பிடவும் அரிசி வேண்டும், அது மலிவாகக் கிடைக்க வேண்டும். நூல் வேண்டும். அந்த நூலை நூற்றவர்கள் சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்த பெண்கள். அவர்கள் உங்களோடு வரப்போவதில்லை. சலவைக்கு ஆள், சாயத்துக்கு ஆள். அப்புறம் கோயில். திருவிழாவில் உங்கள் தெருவுக்கு என்ன மரியாதை என்பது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ண அதே சாதியில் நாலு குடும்பம்.

அதனால் இந்த முடிவை ஒரு ஆள் தனியாக எடுக்கவில்லை. நெசவுத் தொழிலே ஒரு குடும்பத்தின் வேலை. ஒருத்தர் தறியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தார் சுற்றுவார்கள், பாவு பிடிப்பார்கள். போவதென்றால் குடும்பமாக, முடிந்தால் தெருவாக.

இப்படி நெசவாளர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போவது புதுசும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குஜராத்தின் தெற்குப் பகுதியில் இருந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று, பயணக் கஷ்டத்தைப் பார்க்காமல் குடும்பத்தோடு அந்த ஊருக்கு வந்து குடியேறியதை அது சொல்கிறது. வந்தவர்கள் சொந்தச் செலவில் ஒரு சூரியன் கோயில் கட்டினார்கள். இது நடந்தது கி.பி. 436 வாக்கில். 473-இல் அதே சங்கம் கோயிலைப் புதுப்பித்திருக்கிறது. இந்தக் கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர்களில் சிலர் போன இடத்தில் வேற வேலைக்கு மாறிவிட்டார்கள் என்று அது பதிவு செய்வது. வில்வித்தை, ஜோதிடம், கதை சொல்வது என்று. ஊர் மாறினால் தொழிலும் மாறும் என்பது ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய செய்தி.

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்து விஜயா ராமசுவாமி ஒரு முக்கியமான புத்தகம் எழுதியிருக்கிறார். கோயிலைச் சுற்றியுள்ள திருமடைவிளாகத் தெருக்களில் கைக்கோளர்கள் குடியேற வரிச் சலுகை கொடுத்தார்கள். சில ஊர்களில் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் அவர்களுக்கு உரிமை கொடுத்தார்கள், அதுவும் காஞ்சிபுரத்தில் இருப்பது போலவே என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதாவது, அந்த ஊரில் இதெல்லாம் தருகிறார்கள், நீ என்ன தருவாய் என்று கேட்கிற இடத்தில் நெசவாளர்கள் இருந்தார்கள்.

ஆகவே கம்பெனியின் ஆஃபர் வந்தபோது, அவர்களுக்கு அது முதல் ஆஃபர் இல்லை. எடை போட்டுப் பார்த்துத்தான் வந்தார்கள். முதல் சில வருஷங்களுக்குள் 300-லிருந்து 400 நெசவாளர் குடும்பங்கள் மெட்ராஸில் இருந்ததாகக் கம்பெனி ஆவணங்கள் சொல்கின்றன. கோட்டைக்கு வடக்கே, இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கிற பகுதியில், இந்தியர்கள் வாழ்ந்த முதல் நகரம் எழுந்தது. 1640-களிலேயே அங்கே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் வந்துவிட்டது. கோயில் இல்லாத ஊரில் யார் தங்குவார்கள்?

சலுகைக் காலம் முடிந்த பிறகு

முப்பது வருஷம் என்பது ஒரு தலைமுறை. ஆஃபரை ஏற்றுக்கொண்டு வந்தவருக்கு அது முடியும்போது வயசாகியிருக்கும். அவர் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். அப்போதுதான் கம்பெனி கணக்கு நோட்டைத் திறந்தது.

லண்டனில் இருந்த முதலாளிகளின் வாதம் சுலபமானது. கோட்டை கட்டினோம், சிப்பாய் வைத்திருக்கிறோம், பாதுகாப்பு தருகிறோம். அதன் செலவை ஊர் மக்கள்தானே தர வேண்டும்? 1680-களில் வீட்டு வரி பெரிய பிரச்சினையாக வெடித்தது. 1686-ன் தொடக்கத்தில் ஊரே கடையடைப்பு செய்தது. வரி கட்டாவிட்டால் வீட்டை இடித்துவிட்டு ஊரை விட்டே துரத்துவோம் என்று கவர்னர் தரப்பு மிரட்டியது. வாங்க வாங்க என்று கூப்பிட்ட அதே கம்பெனி.

இதில் ஒரு சுவையான திருப்பம் இருக்கு. மிரட்டல் மட்டும் வேலைக்கு ஆகாது என்று லண்டனில் இருந்த ஜோசையா சைல்ட் புரிந்துகொண்டார். மேலிருந்து போடுகிற வரியைவிட, ஊர்க்காரர்களே உட்கார்ந்து போடுகிற வரியை மக்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்பது அவர் யோசனை. 1688 செப்டம்பர் 29-ஆம் தேதி மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது. அதன் முதல் ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூதர் ஆகியோரோடு இந்துக்களும் இருந்தார்கள். சொத்து வரி கட்ட ரிப்பன் மாளிகைப் பக்கம் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாநகராட்சி பிறந்த கதையில், சும்மா வரி கட்ட மாட்டோம் என்று சொன்னவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கு.

ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் சாந்தோம்

சரி, ஒரு கேள்வி. கோட்டை கம்பெனியுடையது, துப்பாக்கி கம்பெனியுடையது, துணி வாங்குகிறவனும் கம்பெனி. அப்படி இருக்கும்போது எதற்கு அவர்கள் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பயந்தார்கள்?

பதில் கோட்டைக்குத் தெற்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருந்தது. சாந்தோம். அது கம்பெனியின் ஆட்சியில் இல்லை. அந்தக் காலத்தில் கோல்கொண்டா சுல்தானுடையது, 1687-க்குப் பிறகு முகலாயர்களுடையது. மெட்ராஸில் மனக்கசப்பு வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாந்தோமுக்கு நடந்துபோய்விடலாம். போனால் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது.

இது வெறும் சாத்தியமாக மட்டும் இருக்கவில்லை, நிஜமாகவே போனார்கள். 1680-இல், ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, சீட்டித் துணியில் வண்ணம் தீட்டுகிறவர்களும் இன்னும் சிலரும் கிளம்பி சாந்தோமில் போய் உட்கார்ந்தார்கள். மெட்ராஸுக்கு வருகிற சரக்கை வழியில் தடுத்தார்கள். மாடுகளின் மேல் இருந்த துணி மூட்டைகளைக் கீழே தள்ளினார்கள். ஊருக்கு வரும் உணவுப் பொருளும் நின்றது.

மறுபடி 1707. இப்போது கவர்னர் தாமஸ் பிட். வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரிந்திருந்த சாதிகளுக்குள் பெத்தநாயக்கன்பேட்டைத் தெருக்களில் யார் ஊர்வலம் போகலாம் என்று சண்டை. கம்பெனியின் தீர்ப்பு பிடிக்காத வலங்கைப் பிரிவினர் சாந்தோமுக்குப் போனார்கள். படகுக்காரர்களும் மீனவர்களும் சேர்ந்து போய்விட்டார்கள். துறைமுகம் இல்லாத ஊரில் படகுக்காரர் இல்லையென்றால் என்ன ஆகும்? கப்பல் கண்ணுக்குத் தெரியும், சரக்கு அதில் ஏறாது. தாமஸ் பிட் மென்மையான ஆள் கிடையாது. ஆனாலும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

இந்தச் சண்டைகளில் எல்லாம் நியாயம் ஒரே பக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. 1707 தகராறு சாதிப் பெருமைக்காக நடந்தது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. மெட்ராஸில் குடியிருந்தவர்களின் பேச்சுக்கு எடை வந்தது, அவர்கள் மெட்ராஸை விட்டுப் போக முடியும் என்பதால்தான்.

முன்பணம் யார் கையில்?

இன்னொரு விஷயமும் நெசவாளருக்குச் சாதகமாக இருந்தது. அதுதான் முன்பணம்.

கம்பெனி அப்போது நேரடியாக நெசவாளரிடம் துணி வாங்கவில்லை. நடுவில் வணிகர்கள். வணிகர் முன்பணம் கொடுப்பார், நெசவாளர் அதை வைத்து நூல் வாங்குவார், சாப்பிடுவார், துணி நெய்து கொடுப்பார். கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? கடன் கொடுத்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று. பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் 2001-இல் வெளியிட்ட நூலில் இதை வேறு மாதிரி காட்டுகிறார். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்திய நெசவாளர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்திலிருந்து வெளியே போகலாம். ஆனால் வணிகர், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க முடியாது. துணியின் விலை ஏறினால் நெசவாளர் வேறு ஆளுக்குப் போவார், இறங்கினால் வணிகர் மாட்டிக்கொள்வார்.

அன்றைக்குத் தென்னிந்திய நெசவாளர் தன் வருமானத்தில் வாங்க முடிந்த தானியம், பிரிட்டிஷ் நெசவாளருக்குக் கிடைத்ததற்குக் குறைவில்லை என்றும் அவர் வாதிடுகிறார். இந்தக் கூலிக் கணக்கை மறுக்கிற பொருளாதார வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. ஆனால் நெசவாளருக்குப் பேரம் பேசுகிற சக்தி இருந்தது என்பதற்கு நம்ம ஊர்ப் பெயர்களே சாட்சி.

திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை தெரியும் இல்லையா? அது ஜோசப் காலெட் என்ற கவர்னர் பெயரில் வந்த காலெட் பேட்டை. 1719 வாக்கில் நெசவாளர்களையும் வண்ணம் தீட்டுகிறவர்களையும் குடியேற்ற உருவாக்கியது. சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப் பேட்டை. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகிற இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் தொடங்கியது. அங்கே யார் குடியேறலாம் என்று ஒரு பட்டியலே போட்டார்கள். நூற்பவர், நெய்பவர், வண்ணம் தீட்டுபவர், சலவை செய்பவர், சாயம் போடுபவர். கூடவே கோயிலுக்கு வேண்டிய பிராமணர்கள், ஆடல் மகளிர், மற்றக் கோயில் பணியாளர்கள். மெட்ராஸ் தொடங்கி நூறு வருஷம் நெருங்கியும், கம்பெனி இன்னும் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. நெசவாளர் வந்தால்தான் துணி.

கதவுகள் ஒவ்வொன்றாக

இனிமேல்தான் கதை மாறுகிறது. தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

1749. மெட்ராஸை மூன்று வருஷம் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்திருந்த கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் சாந்தோமையும் எடுத்துக்கொண்டது. கோபம் வந்தால் நடந்துபோகிற இடம் கம்பெனிக்குள் வந்துவிட்டது. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தது, கம்பெனி அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் பிறகு திரும்பி வந்தாலும் பழைய பலம் வரவில்லை. 1763-இல் ஆற்காடு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி ஜாகீராகக் கம்பெனிக்கு வந்தது. மெட்ராஸைச் சுற்றியிருந்த நெசவுக் கிராமங்களில் பல அதில் அடக்கம். 1799-இல் மைசூரில் திப்பு வீழ்ந்தார், தஞ்சாவூரும் கைக்கு வந்தது. 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும்.

இதற்கு முன்னால் ஒரு நெசவாளர் ஓடிப்போனால், எல்லை தாண்டியதும் வேறொரு ராஜா, வேறொரு பாளையக்காரர், வேறொரு நாட்டுக் கம்பெனி இருப்பார்கள். இங்கே வா, வரி குறைக்கிறேன் என்பார்கள். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே கம்பெனி.

கம்பெனிக்கு இனிமேல் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது நடுவில் இருந்த வணிகர்களை விலக்கிவிட்டுத் தன் குமாஸ்தாக்களை நேரடியாக நெசவு ஊர்களுக்கு அனுப்பியது. முன்பணம் அப்படியே தொடர்ந்தது, ஆனால் அதன் பொருள் தலைகீழானது. திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போகிற உரிமை போனது. கம்பெனியிடம் முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. தறியைக் கண்காணிக்க பியூன்கள் வந்தார்கள். நெசவாளர்கள் எதிர்த்தார்கள், வேலையை நிறுத்தினார்கள், கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பவும் பார்த்தார்கள். எங்கே போவது?

பாருங்க, தறி அதேதான். கைத்திறமை அதேதான். ஊர்கூட அதேதான். போய்ச் சேர வேறு இடம் இல்லாமல் போனதும் பேரம் பேசுகிற சக்தியும் போய்விட்டது. லங்காஷயர் மில் துணி வந்து நெசவாளரை நசுக்கியது என்று பள்ளியில் படித்தோம். அது 19-ஆம் நூற்றாண்டுக் கதை. அதற்கு முன்னாலேயே அவர்கள் பிடி தளர்ந்திருந்தது.

போக முடியாதவர்கள்

இந்தக் கதையில் விட்டுவிடக் கூடாத ஒரு பக்கம் இருக்கு. மூட்டை கட்டிக்கொண்டு சாந்தோமுக்குப் போகிற உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

செங்கல்பட்டு வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களிடம், எந்த ஊருக்கு வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இதே மெட்ராஸ் கடற்கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். பஞ்சக் காலங்களில் சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். 1680-களில்தான் கம்பெனி அதற்குத் தடை போடத் தொடங்கியது. நெசவாளருக்காக நூல் நூற்ற பெண்களுக்கும் தறிக்காரருக்கு இருந்த பேரம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஊர் மாறலாமா வேண்டாமா என்று குழம்புவதே ஒரு வசதி. அந்தக் குழப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நம்ம கணக்குக்கு வருவோம்

போன வருஷம் எனக்கு வேற ஊரில் ஒரு வேலை வந்தது. கடிதத்தில் ஜாயினிங் போனஸ் ஒரு நல்ல தொகை. கீழே ஒரு வரி: இரண்டு வருஷத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிந்தாதிரிப்பேட்டைதான் ஞாபகம் வந்தது. முன்பணம். இது எந்த வகை முன்பணம்? 1730-ஆம் வருஷத்து வகையா, 1780-ஆம் வருஷத்து வகையா?

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது தப்பே இல்லை, அன்றைய நெசவாளரும் அதைத்தான் செய்தார். ஆனால் அவருக்கு அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும், அல்லது அடுத்த வணிகர் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அதனால் என் பேப்பரில் புதுசாக ஒரு வரிசை சேர்த்தேன். ஆறு மாசத்தில் இது சரிப்பட்டு வரவில்லை என்றால் என்ன பண்ணுவேன்? போனஸைத் தொடாமல் தனியாக வைக்க முடியுமா? அந்த ஊரில் என் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம் இந்த ஒன்றுதானா, இன்னும் நாலு இருக்கா? நோட்டீஸ் பீரியட் எத்தனை மாசம்? அங்கே எனக்கு ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுக்கிற வீடு எத்தனை? இங்கே நான் விட்டுப் போகிற அறைக்கு, திரும்பி வந்தால் இடம் இருக்குமா?

என் விஷயத்தில் பதில்கள் பரவாயில்லாமல் இருந்தன. அந்த ஊரில் என் துறையில் இன்னும் பல இடங்கள் இருந்தன. போனேன். இந்த எபிசோடை அங்கிருந்துதான் பதிவு செய்கிறேன். போனஸ் இன்னும் ஃபிக்ஸட் டெபாசிட்டில் அப்படியே இருக்கு.

இன்னொருத்தருக்கு இதே கேள்விகள் வேறு பதில் தரலாம். ஒரே ஒரு கம்பெனியை நம்பி இருக்கிற ஊர், கை நிறையக் கடன் வாங்கிப் போனால்தான் முடியும் என்கிற பயணம், பாஸ்போர்ட்டை வேறு யாரோ வாங்கி வைத்துக்கொள்கிற வேலை, இதெல்லாம் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 1749-க்குப் பிந்தைய மெட்ராஸ். வாடகை ஜாஸ்தி, டிராஃபிக் மோசம், ஆனால் நாளைக்கே வேற இடம் தேடிக்கொள்ள முடியும் என்கிற ஊர், அது சாந்தோம் பக்கத்தில் இருக்கிற மெட்ராஸ்.

அப்புறம் இன்னொன்று. கூப்பிடும்போது சொல்கிற சலுகைக்கு எப்போதும் ஒரு முடிவுத் தேதி இருக்கும். அந்த முப்பது வருஷம் இப்போது மூணு மாச தங்குமிடமாகவும், ஒரு வருஷ வாடகைப் படியாகவும் சுருங்கியிருக்கு. அது முடிந்த மறுநாள் செலவு என்ன என்பதை இன்றைக்கே எழுதிப் பாருங்கள். அதோடு, முடிந்தால் தனியாகப் போகாதீர்கள், அல்லது போன இடத்தில் தனியாக இருக்காதீர்கள். 1686-இல் ஒரே ஒரு கடைக்காரர் கடையை அடைத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஊரே அடைத்ததால்தான் லண்டனில் ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தார்.

சென்னையில் இருக்கிறவர்கள் அடுத்த தடவை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள். கூவம் அங்கே இன்னும் வளைந்துதான் போகிறது. பாவு விரிக்க நிழலான தெரு, அரிசி, கோயில், வரிச் சலுகை எல்லாம் இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வளைவுக்குள் முதல் தறி இறங்கியது.

உங்கள் கேள்விகளை எழுதுங்கள், படிக்கிறேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.